லேபிள் அண்ணன் பெயரில் ஒரு பூச்சி

லேபிள் அண்ணன் எழுதியதைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் லேபிள் பறந்துவிடும். சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும் அந்த அட்டை. அதற்குள் ஒரு பூச்சி எந்த மலைச்சரிவில், எத்தனை அடி உயரத்தில், எந்தத் தேதியில், யார் வலையில் மாட்டியது என்பதெல்லாம் நாலு வரியில் அடங்கியிருக்கும். எழுத்து ஒவ்வொன்றும் எள்ளை நாலாக நறுக்கி வைத்த மாதிரி. ஒரு தடவை ஓர் எறும்பு அவர் எழுதிய லேபிள் மேல் ஏறி, நின்று நிதானமாகப் படித்துவிட்டு இறங்கிப் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதை யாரும் நம்புவதில்லை. நான் சொல்லும் எதையுமே யாரும் நம்புவதில்லை. அதுதான் கடைசியில் பெரிய வம்பாகப் போய்விட்டது.

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் முன்பக்கத்தில் யானை எலும்பையும் பழைய பீரங்கியையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பின்கட்டில் பூச்சி அறை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நீளமான அறை. இரண்டு பக்கமும் ஆளுயர மர அலமாரிகள், நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடைவெளி. இடது பக்கம் வண்ணத்துப்பூச்சிகள், வலது பக்கம் அந்துப்பூச்சிகள். அலமாரி முழுக்கக் கண்ணாடி மூடி போட்ட இழுப்பறைகள், அவற்றில் ஊசி குத்தி நிற்கும் நாற்பதாயிரம் உயிர்கள். மேலே ஒரு மின்விசிறி உண்டு, ஆனால் அதன் ஸ்விட்ச் மேல் பட்டை போட்டு ஒட்டியிருந்தார்கள். காய்ந்த பூச்சிக்குக் காற்று ஆகாது. எங்களுக்கு வேர்ப்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, நாங்கள் உதிர மாட்டோமே.

அந்துருண்டை வாசனை எங்கள் தோலுக்குள் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில், "உன்னைக் கட்டிக்கிட்டது துணி பீரோவைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார். ஒரு நன்மையும் உண்டு. இருபத்தாறு வருஷத்தில் என் புடவை எதையும் ஒரு பூச்சியும் கடித்ததில்லை.

அண்ணன் இருபது வயதில் அந்த அறைக்குள் நுழைந்தவர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கை தொங்கினால் இறக்கையில் படுமாம். பேச்சும் எழுத்தைப் போலத்தான், கொஞ்சமாக, பொடியாக. அவர் கையெழுத்தே அத்தனை சின்னது. மகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், 'அப்பா கையெழுத்து எங்கே' என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பினார்கள். மனுஷர் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே லென்ஸை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

அந்த லேபிள்களில் ஊரார் பெயரெல்லாம் இருக்கும். வலை வீசிப் பிடித்தவர் பெயர், இது இன்ன பூச்சி என்று கண்டுபிடித்துச் சொன்னவர் பெயர், சில பூச்சிகளுக்கு யாரோ ஒரு துரையின் மாமியார் பெயர்கூட. எல்லாவற்றையும் எழுதியது அண்ணன். அவர் பெயர் மட்டும் எங்கேயும் கிடையாது. எழுதியவர் பெயரை லேபிளில் போடும் வழக்கம் இல்லை. லேபிள், லேபிள் என்று கூப்பிட்டே அவருடைய உண்மையான பெயர் என்னவென்று அலுவலகத்தில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை.

நான் அவருக்கு அடுத்த மேஜை. எனக்குப் பெயர் ஒட்டுக்காரி. உடைந்த கால், கிழிந்த இறக்கை, ஒடிந்த உணர்கொம்பு, எல்லாவற்றையும் ஒட்டிச் சரிசெய்வது என் வேலை. விலங்கியல் படித்தவள். கல்லூரியில் மெடல் வாங்கியவள் என்று சேர்ந்த அன்றே எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். மெடல் வாங்கியது உண்மை. பேச்சுப் போட்டிக்கு வாங்கியது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒட்டுவதற்கு மூன்று விதிகள். தண்ணீரில் கரையும் பசையால்தான் ஒட்ட வேண்டும், நாளைக்கு வேறொருவர் பிரிக்க நினைத்தால் பிரிய வேண்டும். ஒரு பூச்சியின் உறுப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே அதில் ஒட்டலாம். தெரியாவிட்டால் உதிரிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். உதிரிப் பெட்டி என்பது தட்டையான தகரப் பெட்டி. அறை அறையாகத் தடுத்து, ஒரு அறையில் அநாதைக் கால்கள், ஒன்றில் இறக்கைத் துண்டுகள், ஒன்றில் உணர்கொம்புகள். சேர்ந்த முதல் வாரம் அண்ணன் இந்த விதிகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது, "இதெல்லாம் எனக்குக் கரதலப்பாடம் அண்ணே" என்றேன்.

இரண்டாவது மாதம் தும்மினேன்.

சாதாரணத் தும்மல் இல்லை. அந்தத் தும்மலில் முன்பக்கக் கூடத்தில் மாட்டியிருந்த மான்தலை ஒன்று சாய்ந்துவிட்டது. (அது ஏற்கனவே கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது என்று அங்கிருந்த காவலாளி சொல்வார். அவருக்கு என்னைப் பிடிக்காது.) என் எதிரே, இன்ன பூச்சி என்று இன்னும் யாரும் முடிவு செய்யாதவற்றை வைக்கும் இழுப்பறை திறந்து கிடந்தது. அதன் நடுவில் பெரிதாக ஒன்று. கறுப்பு இறக்கை, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள், பின்னிறக்கையில் இரண்டு வால். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது அதன் தலையில் உணர்கொம்பு இரண்டும் இல்லை.

காய்ந்த உணர்கொம்பு கருகின முடி மாதிரி. தரையில் விழுந்தால் தரைதான். முட்டிபோட்டுத் தேடினேன். என் தலைமுடி நிறையக் கிடைத்தது. அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வர எட்டு நிமிஷம் ஆகும், அவர் எட்டு நிமிஷம் என்றால் எட்டு நிமிஷம்தான். வேலையில் சேர்ந்து இரண்டே மாதம். மெடல் வேறு.

உதிரிப் பெட்டியைத் திறந்தேன். கறுப்பாக ஒரு ஜோடி கிடந்தது, நீளமும் ஏறக்குறையப் பொருந்தியது. ஒட்டிவிட்டேன்.

பொருத்தம் பார்த்த இடத்தில்தான் என் படிப்பு பல்லிளித்தது. வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் பிரித்துப் பார்க்கச் சின்னக் குழந்தைக்குச் சொல்லித் தரும் முதல் அடையாளமே இந்த உணர்கொம்புதான். வண்ணத்துப்பூச்சிக்கு அது தீக்குச்சி மாதிரி, நுனியில் ஒரு குமிழ் இருக்கும். அந்துப்பூச்சிக்கு நூல் மாதிரி மெலிந்துகொண்டே போகும், அல்லது சீப்பு மாதிரி, இறகு மாதிரி இருக்கும். நான் எடுத்து ஒட்டியது குமிழ் வைத்தது. ஏன் என்றால், இவ்வளவு நிறத்தோடும் வாலோடும் இருப்பது வண்ணத்துப்பூச்சி இல்லாமல் வேறென்ன? லேபிளிலும் 'பகல் பன்னிரண்டு மணி, பூப்புதர்' என்று அண்ணன் கையெழுத்தில் இருந்தது. பட்டப்பகலில் பூவில் உட்கார்ந்தது அந்துவாக இருக்குமா? இருக்கும் என்று எனக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறார்கள். பகலில் பறக்கும் அந்துகள் ஒரு கூட்டம் உண்டு. அன்றைக்கு நான் வகுப்பில்தான் இருந்தேன். பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

புதுக் கொம்பு வைத்ததும் பூச்சி முன்னைவிட லட்சணமாகிவிட்டது. ஒட்டு தெரியவில்லை. அண்ணன் வந்து உட்கார்ந்து, "தும்மினியா?" என்றார்.

"இல்லியே அண்ணே."

"மானு சாஞ்சிருக்குன்னாங்க."

அதோடு போயிற்று. நானும் மறந்துவிட்டேன். பொய் சொல்கிறவர்களுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். எனக்கு அது இருந்திருந்தால் பாடமே ஞாபகம் இருந்திருக்குமே.

பதினெட்டு வருஷம் கழித்துப் புது மேடம் வந்தார். எங்களைவிட வயதில் சின்னவர், அறைக்குத் தலைவர். சுறுசுறுப்பென்றால் அப்படியொரு சுறுசுறுப்பு. வந்த முதல் நாளே அண்ணன் அவரிடம், குத்திய லேபிளைக் கழற்றக் கூடாது, தப்பாக இருந்தாலும் அதன் கீழே சரியானதை எழுதிக் குத்த வேண்டும், பழையது பழையபடி இருக்க வேண்டும் என்று எங்கள் அறையின் சட்டத்தைச் சொன்னார். "அப்ப ஒரு தப்பையும் மறைக்க முடியாதா?" என்று சிரித்தார் மேடம். "முடியாது மேடம்" என்றார் அண்ணன். எனக்கு அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அண்ணன் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது மேடம் அந்த இழுப்பறையைத் திறந்தார். வாலும் சிவப்புப் புள்ளியும் வைத்த பூச்சி அவர் கண்ணில் பட்டது. அதே மலைச்சரிவில் செம்புள்ளி வாலன் என்று நாங்கள் சொல்லும் வண்ணத்துப்பூச்சி சாதாரணமாகப் பறக்கும், பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. ஆனால் மேடம் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இறக்கை நரம்புகள் வேறு மாதிரி ஓடுகின்றன. உடம்பு தடித்திருக்கிறது. இருக்கிற வண்ணத்துப்பூச்சிப் புத்தகங்களை எல்லாம் மூன்று வாரம் புரட்டினார். எதிலும் இல்லை. அந்துப்பூச்சிப் புத்தகத்தை அவர் ஏன் தொடப்போகிறார், தலையில்தான் குமிழ் வைத்த கொம்பு இருக்கிறதே. என் கைவேலை.

ஒரு காலையில் எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"லேபிள் சார், இது இதுவரைக்கும் யாரும் எழுதாத இனம்னு நினைக்கிறேன். கட்டுரை எழுதி அனுப்பப்போறேன். அதுக்கு உங்க பேரை வைக்கலாம்னு இருக்கேன்."

அண்ணன் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"உங்க முழுப்பேர் என்ன சார்?"

அறையில் இருந்த நாலு பேரும் அவர் வாயையே பார்த்தோம். எங்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். அண்ணன் சொன்னார், ஆனால் அவர் எழுதுகிற அளவிலேயே சொன்னார். மேடம் மூன்று தடவை கேட்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு மனுஷர் நடையே மாறிவிட்டது. அலமாரிகளுக்கு நடுவே ஒருக்களித்துப் போகிறவர் நேராகப் போனார், இரண்டு தடவை கைப்பிடியில் இடித்துக்கொண்டார். அவர் சம்சாரத்தை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கடைத்தெருவில் பார்த்தபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் அண்ணன் சோத்துல கைய வெச்சுக்கிட்டு தனியா சிரிக்கிறார்மா. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறார். முப்பத்தெட்டு வருஷம் என்ன வேலை பாக்கறார்னு என் தங்கச்சி வீட்டுக்காரன் கேலி பண்ணுவான். சீட்டு எழுதறவர்னு சொல்லுவான். இப்ப ஒரு ஜீவனுக்கே அவர் பேருன்னு சொல்லிட்டேன். பொண்ணு, மாப்பிள்ளை எல்லாம் இவர் ரிட்டையர் ஆகற அன்னிக்கு வர்றாங்க. பாக்கலாம்தானே?"

"தாராளமா அண்ணி" என்றேன்.

புது இனத்தின் முதல் மாதிரிக்குச் சிவப்பு ஓரம் போட்ட லேபிள் எழுத வேண்டும். அதையும் அண்ணன்தான் எழுத வேண்டும், வேறு யார்? அதில் முதல் தடவையாக அவர் தன் பெயரைத் தானே எழுத வேண்டியிருந்தது. யார் யார் மாமியார் பெயரையோ ஒரே மூச்சில் எழுதியவர், தன் பெயரில் மூன்றாவது எழுத்தைத் தாண்ட முடியாமல் அறுபத்தொரு அட்டையை வீணாக்கினார். நான் குப்பைக் கூடையில் எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டாவது நன்றாக வந்தது. கட்டுரை போகும் முன்பே, யாரும் சொல்லாமலே, அதை அந்தப் பூச்சியின் ஊசியில் குத்திவிட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவசரப்பட்டுச் செய்த ஒரே காரியம் அது.

மேடம் கட்டுரைக்காகப் பூச்சியைப் படமெடுத்து, பெரிதாக்கி, தன் கணினித் திரையில் வைத்திருந்தார். நான் அந்தப் பக்கமாகப் போனவள் நின்றுவிட்டேன். திரையில் பூச்சியின் தலை பூசணிக்காய் அளவு இருந்தது. இடது கொம்பு வலதைவிட ஒரு இம்மி நீளம். வேரில் கண்ணாடித் துளி மாதிரி ஒன்று மின்னியது. மற்றவர்களுக்கு அது தூசு. அவரவர் போட்ட கோலம் அவரவருக்குத் தெரியும் மாதிரி, என் பசை எனக்குத் தெரிந்தது. தும்மல், மான்தலை, எட்டு நிமிஷம் எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தன.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் பூச்சியை எடுத்து, லென்ஸை வைத்து, இறக்கையின் அடிப்பக்கம் பார்த்தேன். அந்துப்பூச்சிக்குப் பின்னிறக்கையின் வேரில் ஒரு முள்மயிர் இருக்கும். அது முன்னிறக்கையில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும், பறக்கும்போது இரண்டும் ஒன்றாக அடிக்க. வண்ணத்துப்பூச்சிக்கு இப்படிக் கிடையாது. இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். இருந்தது. கம்பீரமாக இருந்தது.

நான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் பழம்கூட வாங்கி வந்தார். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். சொல்லாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். அண்ணன் பெயர் நிற்கும், அண்ணியின் தங்கை வீட்டுக்காரன் வாயடைத்துப்போவான், என் மானமும் தப்பும். மூன்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவதுதான். ஆனால் என்றைக்காவது வேறு எவராவது இறக்கையைத் திருப்பிப் பார்ப்பார். அன்றைக்கு அந்துவுக்கு வண்ணத்துப்பூச்சிப் பட்டம் கட்டிய கதையாக ஊர் சிரிக்கும். அண்ணன் பெயரைச் சொல்லிச் சிரிக்கும்.

கட்டுரை அனுப்ப ஒரு நாள் இருக்கும்போது, டீ வேளையில், பின்வாசல் படியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அந்தப் பூச்சிக் கொம்பு அதோடது இல்ல. நான் ஒட்டினது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி தும்மிட்டேன்."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "ம்" என்றார்.

"நிஜமாத்தான். அது வண்ணத்துப்பூச்சியே இல்ல. அந்து."

"எறும்பு லேபிள் படிச்சுது" என்றார்.

"அண்ணே."

"போன வருஷம் நீ ஊசி குத்தின வண்டு மூணு நாள் கழிச்சு கொட்டாவி விட்டுது. உன் வீட்டுக்காரர் தும்மினா பக்கத்து வீட்டு நாய் மன்னிப்பு கேக்குது. இப்ப இதுவா?"

"அதெல்லாம் சும்மா அண்ணே. இது நிஜம்."

"எல்லாத்துக்கும் அப்படித்தானேம்மா சொல்லுவ."

அது வாஸ்தவம். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் சத்தியம் செய்து செய்து, என் சத்தியத்துக்குச் சல்லி மதிப்பில்லாமல் நானே செய்துகொண்டேன். இனி எதைச் சொல்லி நம்பவைப்பது? தலையில் அடித்துச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, என் பேர்ல ஒண்ணு வர்றது உனக்கு ஒரு மாதிரியா இருக்கா?"

எழுந்து உள்ளே போனேன். வலது பக்க அலமாரியில் பகலில் பறக்கும் அந்துகளின் வரிசையை ஒவ்வொன்றாக இழுத்தேன். ஏழாவது இழுப்பறையில் கிடைத்தது. கறுப்பு இறக்கை, சிவப்புப் புள்ளி, வால். நாலு இருந்தன. தலையில் சீப்பு மாதிரிக் கொம்பு. கீழே லேபிள். அதைப் பார்த்ததும் இழுப்பறையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அண்ணன் மேஜையில் வைத்தேன். பக்கத்தில் செம்புள்ளி வாலன் ஒன்று, நடுவில் அவருடைய பூச்சி.

"நீங்களே பாருங்க. நான் வாயத் திறக்கல."

அவர் லென்ஸைக் கண்ணில் வைத்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். செம்புள்ளி வாலனின் உடம்பு மழமழவென்று மெலிந்திருந்தது, மற்றவை கம்பளி போர்த்திய மாதிரி. செம்புள்ளி வாலனின் இறக்கை அடியில் கொக்கி இல்லை, நடுவிலிருந்ததற்கு உண்டு, அந்த நாலுக்கும் உண்டு. செம்புள்ளி வாலன் குருவிகளுக்குக் கசக்கும், அதனால் எதுவும் அதைத் தொடாது. அந்த அந்துக்குக் கசப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது, கசப்பவன் சட்டையைப் போட்டுக்கொண்டு பகலில் அதேபோல அசட்டையாக மிதந்து திரிகிறது, அவ்வளவுதான். இதையெல்லாம் அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக இந்த விவரங்களைத்தானே லேபிளில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் அந்த நாலின் கீழிருந்த லேபிளைப் பார்த்தார். பூச்சியின் பெயர், அது எந்தக் காலத்திலேயோ வைத்த பெயர், பொடி எழுத்தில். முப்பது வருஷத்துக்கு முன் எழுதியது. அவர் கையெழுத்து.

"நான்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

எதிரெதிர் அலமாரிகள், நடுவே இரண்டடி. அந்த இரண்டடியை முப்பது வருஷமாக நாங்கள் யாரும் தாண்டவில்லை.

அவர் எழுந்துபோய் என் மேஜையிலிருந்து மெல்லிய தூரிகையை எடுத்து வந்தார். தண்ணீரில் தொட்டு, ஒரே ஒரு சொட்டை இடது கொம்பின் வேரில் வைத்தார். சொந்தக் கொம்பாக இருந்தால் ஒரு சொட்டுக்கு அசையாது. பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிஷம் போயிற்று. என் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக, நான் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாவது நிமிஷம் கொம்பு மெதுவாகத் தலைசாய்ந்து அட்டையில் விழுந்தது. வலதுக்கும் ஒரு சொட்டு வைத்தார். அதுவும் விழுந்தது.

"நல்ல பசைம்மா" என்றார். "பதினெட்டு வருஷம் நின்னுருக்கு."

நான் மூக்கை உறிஞ்சினேன். அவர் சட்டென்று பூச்சியை என்னிடமிருந்து நகர்த்தி வைத்தார்.

"அண்ணே, திரும்ப ஒட்டிரவா? நாளைக்கு அனுப்பிட்டா முடிஞ்சுது. இந்தத் தடவை ரெண்டும் ஒரே நீளமா ஒட்டறேன்."

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுந்துகிடந்த கொம்பையும் சிவப்பு ஓரம் போட்ட லேபிளையும் மாறி மாறிப் பார்த்தார். பசைப் புட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மூடியைத் திருகினார்.

"ஒட்டிரலாம்" என்றார். "ஆனா முதல் மாதிரிக்கு ஒரு விவரச் சீட்டு எழுதணும் தெரியுமா? உடம்பு: முழுசு. இறக்கை: முழுசு. உணர்கொம்பு: அசல். இதை எவன் எழுதறது?"

"நீங்கதான்."

"ஆமா. நான்தான்."

புட்டியை மூடிவிட்டார்.

மேடத்திடம் இரண்டு பேருமாகப் போனோம். நான் ஆரம்பித்ததும் மேடம், "அக்கா, இன்னிக்கு நேரமில்ல, கதைய நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றார். அண்ணன் ஒரு வார்த்தைதான் சொன்னார், மேடம் உடனே நம்பினார். ஒரே விஷயத்தை நான் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் இருந்த வித்தியாசத்தை அன்றைக்கு மேடத்தின் முகத்தில் பார்த்தேன். அது எனக்கு நன்றாக வேண்டும்.

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலிடத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதாம்.

"கொம்பைப் பாத்துட்டு இறக்கையத் திருப்பவே இல்ல நான்" என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "லேபிள் சார், என்னால உங்களுக்கு..."

"உங்களால இல்ல மேடம்" என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அந்துவா இருந்தா என்ன, அதுக்கே சார் பேரை வெக்க முடியாதா மேடம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஏற்கனவே பேர் இருக்கே அக்கா. இருக்கிற பேரை மாத்த முடியாது." பெருமூச்சு விட்டார். "சரி, அந்தச் சிவப்பு லேபிளை எடுத்துருங்க. வேற யாரும் பாக்க வேண்டாம்."

"முடியாது மேடம்" என்றார் அண்ணன்.

"ஏன்?"

"குத்திட்டேன். குத்தின லேபிளைக் கழட்டக் கூடாது. தப்பா இருந்தா கீழ எழுதணும்."

முகத்தில் ஒரு சலனமில்லை. மேடம் அவரையே பார்த்தார். பிறகு குனிந்து மேஜையில் எதையோ தேடுகிற மாதிரிச் சிரித்தார்.

அன்று மாலை அண்ணன் இரண்டு லேபிள் எழுதினார். முதலாவதில் 'மேற்கண்ட பெயர் செல்லாது, இது முன்பே பெயர் பெற்ற அந்துப்பூச்சி' என்று எழுதி, அந்தப் பழைய பெயரையும் போட்டார். ஒரே அட்டையில் முடிந்தது. கழன்ற கொம்பு இரண்டையும் ஒரு குட்டிக் குப்பிக்குள் போட்டு அதே ஊசியில் மாட்டினார். இரண்டாவதை என்னைப் பார்க்க விடாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

ஓய்வு பெறும் நாளன்று அண்ணி, மகள், மாப்பிள்ளை, அந்தத் தங்கை வீட்டுக்காரர் எல்லோரும் வந்தார்கள். கூட்டத்தில் யாரோ வாழ்த்திப் பேசினார்கள், லேபிள் என்றே பேசினார்கள். அது முடிந்ததும் அண்ணி நேராகப் பூச்சி அறைக்கு வந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அந்துவாமே" என்றார் என்னிடம். "நம்ம வீட்டுத் துணியைத் தின்னுமே, அந்த ஜாதியா?"

"சேச்சே, இது பகல்ல பறக்கறது அண்ணி. கௌரவமான குடும்பம்."

"நீ பேசாத."

மேடம் வலது பக்கம் ஏழாவது இழுப்பறையைத் திறந்தார். நாலு அந்துகளுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக, கொம்பில்லாமல், அது. அண்ணி கையில் அண்ணன் லென்ஸைக் கொடுத்தார். அண்ணி குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். உதடு எழுத்துக் கூட்டியது.

"உங்க பேருங்க" என்றார்.

"ம்."

"நல்லா எழுதியிருக்கீங்க."

"செல்லாது அது."

"செல்லாட்டிப் போகுது" என்றார் அண்ணி. தங்கை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, லென்ஸைக் கொடுத்து, படிக்கச் சொன்னார். அவர் படித்தார். அண்ணி சத்தமாகப் படிக்கச் சொன்னார். சத்தமாகப் படித்தார். அந்த அறையில் அண்ணனின் முழுப்பெயரை எல்லோரும் தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு அண்ணி லென்ஸை விலக்கிவிட்டு, வெறும் கண்ணால் எதையோ பார்த்தார்.

"இது என்னங்க, இந்தப் பொண்ணு பேரு மட்டும் இவ்வளவு பெருசா இருக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். கீழே இருந்த லேபிள் மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெரிதாக, வெளியே நாக்கைத் துருத்திக்கொண்டு இருந்தது. 'உணர்கொம்புகள் இரண்டும் வேறொரு பூச்சியுடையவை. காரணம்: தும்மல். ஒட்டியவர்:' என்று போட்டு, கீழே என் பெயர், இனிஷியலோடு, கல்வெட்டு மாதிரி.

"எறும்பெல்லாம் சிரமப்படாம படிக்கட்டும்னுதான்" என்றார் அண்ணன்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் பெரிதாக எழுதிய லேபிள் அது ஒன்றுதான். கழற்றவும் முடியாது, சட்டம் இருக்கிறது. இப்போது அண்ணன் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். வாரம் ஒருமுறை வந்து என்னுடன் டீ குடிக்கிறார். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் "சொட்டுத் தண்ணி கொண்டு வரட்டுமா?" என்கிறார். நானும் ஓய்வு பெற்று வருஷமாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் உள்ளே நுழைந்து ஏழாவது இழுப்பறையைத் திறந்து பார்க்காமல் வருவதில்லை. அவர் பெயரை லென்ஸ் வைத்துப் படிக்கிறேன், என் பெயரைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன். மூக்கை மட்டும் முந்தானையால் கெட்டியாகப் பொத்திக்கொள்கிறேன்.